பள்ளி திறந்ததும் ஆசிரியர்களுக்குத் தொற்று: எண்ணிக்கையைப் படிப்பது எப்படி?

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. முதல் வாரம் முடிவதற்குள்ளேயே, சில மாவட்டங்களில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கொரோனா தொற்று உறுதியானதாகச் செய்திகள் வரத் தொடங்கின. மதுரையிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அனுப்பியது சரிதானா என்ற குழப்பத்தில் பெற்றோர் இருந்தார்கள். "திறந்த மூன்றாம் நாளே தொற்று வந்துவிட்டது, மறுபடி மூடுங்கள்" என்பது ஒரு தரப்பு. "அதெல்லாம் வெளியில் வந்தது, பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே எண்ணைத்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள தேதியையும், மொத்தப் பணியாளர் எத்தனை பேர் என்பதையும் பார்க்காத வரை இந்த வழக்கு தீராது.

இதுவரை நடந்தது

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகளுக்கும், பிப்ரவரி 8 அன்று 9, 11-ஆம் வகுப்புகளுக்கும் திறக்கப்பட்டன. மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 50-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று உறுதியாகி, அந்த மாவட்டத்தின் வேறு பள்ளி, கல்லூரிகளிலும் அடுத்தடுத்துத் தொற்று கண்டறியப்பட்டது. மார்ச் 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டன. பிறகு வந்த இரண்டாம் அலையின் கதை எல்லாருக்கும் தெரியும்.

செப்டம்பரில் ஒரு வகுப்பறையில் 20 மாணவர்கள், மீதமுள்ளோருக்குச் சுழற்சி முறை, பணியாளர்களுக்குத் தடுப்பூசி என்ற நிபந்தனைகளோடு திறந்தார்கள். ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. செப்டம்பரில் பரவியது டெல்டா வகை, முன்பிருந்த வகைகளைவிட வேகமாகத் தொற்றுவது. ஜனவரியில் ஆசிரியர்களில் எவருக்கும் தடுப்பூசி இல்லை. செப்டம்பரில் பெரும்பாலானோர் ஒரு தவணையாவது போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாள் கணக்கு

கிருமி உடலுக்குள் நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். டெல்டாவில் இது சராசரியாக 4 முதல் 5 நாள். சிலருக்கு 14 நாள் வரை நீளலாம். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ 2 நாள் முன்பிருந்தே அவரால் பிறருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, 1-ஆம் தேதி பள்ளியில் ஒரு பட்டதாரி ஆசிரியருக்குத் தொற்று ஒட்டியதாக வைத்துக் கணக்கிடுவோம்.

1. செப்டம்பர் 1, 2: உடலில் கிருமி பெருகத் தொடங்கியிருக்கும். அன்று ஆர்டி-பிசிஆர் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் "தொற்று இல்லை" என்றே வரும்.

2. செப்டம்பர் 3, 4: அவரிடமிருந்து பிறருக்குப் பரவத் தொடங்கும் கட்டம். அவருக்கோ எந்தத் தொந்தரவும் இருக்காது.

3. செப்டம்பர் 5, 6: தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, காய்ச்சல். பலர் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள்.

4. செப்டம்பர் 7, 8: மாதிரி கொடுத்து முடிவு வருவது.

ஆகவே 3-ஆம் தேதியோ 4-ஆம் தேதியோ தொற்று உறுதியான ஒருவர், ஏறக்குறைய நிச்சயமாக, பள்ளி திறப்பதற்கு முன்பே தொற்றுக்கு ஆளானவர். அது குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம். ஆவணி முகூர்த்தத்தில் மண்டபத்துப் பந்தியில் வந்திருக்கலாம். மாணவர் சேர்க்கைக்கும் பாடநூல் வழங்கலுக்கும் பணியாளர்கள் ஏற்கெனவே பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருந்தபோது சக பணியாளரிடமிருந்தே வந்திருக்கலாம். இந்தக் கடைசி வாய்ப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாணவர்களுக்குத்தான் செப்டம்பர் 1 திறப்பு நாள். ஆசிரியர்களுக்கு அது இன்னுமொரு வேலை நாள்.

பள்ளிக்குள் ஏற்பட்ட பரவலைக் காட்டக்கூடியது இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும்தான். முதல் வாரத்து எண்ணிக்கை ஊரில் தொற்று எந்த அளவில் இருக்கிறது என்பதன் நிழல். முதல் வாரத்தில் அஞ்சியவர்கள் மூன்றாம் வாரத்தில் செய்தி பழகிப்போய்க் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே வாரத்தில் தொற்று வந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது என்று முடிவுகட்டவும் இயலாது. இருவரும் தனித்தனியாக வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். இருவரின் அறிகுறி தோன்றிய நாள்கள், அவர்கள் ஒன்றாக இருந்த இடம், இருந்த நேரம் ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் தொடர்பு இருந்திருக்குமா என்று ஓரளவு ஊகிக்கலாம். கிருமியின் மரபணு வரிசையை ஒப்பிட்டால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் அதைச் செய்வது நடைமுறையில் இல்லை.

எத்தனை பேரில், எதற்காகப் பரிசோதித்தபோது?

"பத்து ஆசிரியர்களுக்குத் தொற்று" என்பது ஐம்பது பேர் பணிபுரியும் ஒரு பள்ளியில் பெரும் ஆபத்து. பல்லாயிரம் ஆசிரியர்கள் பணிபுரியும் ஒரு மாவட்டத்தில், அதே வயதுடைய பிற தொழிலாளர்களிடம் காணப்படும் அளவைவிட அது குறைவாகக்கூட இருக்கலாம். கூடவே, அறிகுறி உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தார்களா, ஒருவருக்கு உறுதியானதும் பள்ளி முழுவதையும் பரிசோதித்தார்களா என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது வகையில் அறிகுறியே இல்லாதவர்களும் பட்டியலில் வருவார்கள். இன்னொன்றும் உண்டு: ஆர்டி-பிசிஆர், நோய் தீர்ந்து சில வாரங்கள் ஆன பிறகும் கிருமியின் உயிரற்ற எச்சத்தைக் கண்டு "தொற்று உண்டு" என்று காட்டலாம். எண்ணிக்கை கூடுவது தேடல் கூடியதாலும் இருக்கலாம்.

பள்ளி மூடியிருந்தால் பிள்ளைகள் தொற்றிலிருந்து தப்பியிருப்பார்கள் என்ற எண்ணத்தையும் ஒரு புள்ளிவிவரம் அசைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் 70 மாவட்டங்களில் நடத்திய நான்காவது எதிர்ப்புரத (கிருமியை எதிர்க்க உடலில் உருவாகும் புரதம்) ஆய்வில் 6 முதல் 9 வயதுக்குள் 57.2 விழுக்காட்டினரிடமும், 10 முதல் 17 வயதுக்குள் 61.6 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்புரதம் இருந்தது. இந்த வயதினருக்கு இந்தியாவில் அப்போது தடுப்பூசி தொடங்கவில்லை. பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்பதே இதன் பொருள்.

"தடுப்பூசி போட்டவர்களுக்குத்தானே வந்தது?"

இந்தக் கேள்வியில் உள்ள கணக்குப் பிழையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கல்வி மாவட்டத்தில் 1,000 பணியாளர்கள். அவர்களில் 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 8 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தால் 8 பேர். போட்டவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மட்டும் வந்தால் 18 பேர். மொத்தம் 26. இந்த 26 பேரில் 18 பேர், அதாவது பத்தில் ஏழு பேர், தடுப்பூசி போட்டவர்கள் என்று தலைப்புச் செய்தி எழுதினால் அதில் பொய்யில்லை. ஆனால் போடாதவர்களுக்கான ஆபத்து நான்கு மடங்கு என்பது அந்தத் தலைப்பில் காணாமற்போகும். தடுப்பூசி போட்டவர்கள் பெருகப் பெருக, தொற்றுப் பட்டியலில் அவர்களின் பங்கும் பெருகும். எல்லாரும் போட்டுவிட்ட ஊரில் தொற்று வருபவர் அனைவரும் தடுப்பூசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

தடுப்பூசி தொற்றை முற்றாகத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, இரண்டாம் அலையின்போது தன் ஊழியர்களிடம் செய்த ஆய்வில், இரு தவணையும் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 விழுக்காடும், மருத்துவமனையில் சேரும் நிலையிலிருந்து 77 விழுக்காடும், ஆக்சிஜன் தேவையிலிருந்து 92 விழுக்காடும், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து 94 விழுக்காடும் பாதுகாப்பு கிடைத்ததாகக் கண்டது. எண்கள் ஏறும் வரிசையைக் கவனிக்க வேண்டும்: நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு வலுவாகத் தடுப்பூசி தடுக்கிறது. ஆகவே ஓர் ஆசிரியர் இரு தவணைக்குப் பிறகும் தொற்றுக்கு ஆளாகி, நான்கு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார் என்றால் அதைத் தடுப்பூசியின் தோல்வி என்று எண்ணத் தேவையில்லை.

"ஒரு தவணையாவது" என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என்று 2021 மே மாதம் முதல் விதி இருந்தது. ஆகஸ்டில் அவசரமாக முதல் தவணை போட்டுக்கொண்ட ஆசிரியருக்கு அடுத்த தவணை அக்டோபர் இறுதிக்குப் பிறகே. அதுவரை அவரை முழுப் பாதுகாப்புப் பெற்றவராகக் கணக்கில் எழுதக் கூடாது.

ஆசிரியருக்கு ஆபத்து கூடுதலா?

இதற்கு வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டு தருகிற விடை, மேலோட்டமாகப் பார்த்தால் முரண்படுவது போலத் தோன்றும்.

சுவீடனில் 2020 வசந்த காலத்தில் கீழ் வகுப்புகள் நேரடியாகவும் மேல்நிலை வகுப்புகள் இணையவழியிலும் நடந்தன. நேரடியாகப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு, இணையவழியில் நடத்தியவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தொற்று. அவர்களின் வாழ்க்கைத் துணைக்கு 29 விழுக்காடு கூடுதல். ஆனால் பள்ளிக்குச் சென்ற மாணவர்களின் பெற்றோருக்கு 17 விழுக்காடுதான் கூடுதல். ஸ்காட்லாந்து ஆய்வோ, ஆசிரியர்கள் மருத்துவமனையில் சேரும் ஆபத்து உழைக்கும் வயதிலுள்ள பொதுமக்களைவிடக் கூடுதல் இல்லை என்றது. முதல் ஆய்வு ஆசிரியரை வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆசிரியரோடு ஒப்பிட்டது. இரண்டாவது, உழைக்கும் வயதிலுள்ள எல்லாரோடும் ஒப்பிட்டது. எனவே, பள்ளிக்குப் போவதால் ஆசிரியருக்குத் தொற்று கூடும். ஆனால் மருத்துவமனையில் சேரும் ஆபத்தில் உழைக்கும் வயதுப் பொதுமக்களைவிட அவர் நிலை மோசமில்லை என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

ஆசிரியர் வேலையின் இயல்பிலேயே இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று குரல். மூச்சுவிடும்போது வெளிவருவதைவிட உரத்துப் பேசும்போது நுண்திவலைகள் பன்மடங்கு வெளியேறும். இன்னொன்று நடமாட்டம். 20 மாணவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். பாட ஆசிரியரோ ஒரு நாளில் ஐந்து பாடவேளை ஐந்து அறைகளுக்குப் போவார். சுழற்சி முறை மாணவர்களை எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், அந்தப் பிரிவுகளை மறுபடி ஒன்றாக இணைக்கும் நூல் ஆசிரியர்தான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் வட்டாரத்தில் 2021 மே மாதம் நடந்தது இதற்கு நேரடிச் சான்று. தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியர், மூக்கடைப்பும் சோர்வும் ஒவ்வாமையால் வந்தவை என்று எண்ணி இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். வகுப்பில் 24 மாணவர்கள். 12 பேருக்குத் தொற்று. முன் இரண்டு வரிசையில் இருந்த 10 பேரில் 8 பேருக்கு வந்தது. பின் மூன்று வரிசையில் 14 பேரில் 4 பேருக்கு. அங்கிருந்து மற்ற வகுப்புகளுக்கும் வீடுகளுக்கும் பரவி, ஆசிரியரையும் சேர்த்து 27 பேர். மாணவர்கள் முகக்கவசம் அணிந்திருந்தார்கள், இருக்கைகளுக்கு இடையே ஆறடி இடைவெளி இருந்தது, சன்னல் திறந்திருந்தது. அத்தனையையும் மீறிக் கரும்பலகைப் பக்கம் நின்ற ஒரே ஒருவரின் திறந்த வாயிலிருந்து அது பரவியது.

நம் வெயிலுக்குப் பொருத்தமானது ஜெருசலேம் எடுத்துக்காட்டு. 2020 மே மாதம் பள்ளிகள் முழுமையாகத் திறந்த சில நாள்களில் 40 பாகையைத் தொட்ட அனல் காற்று வீசியதால், மூன்று நாள் முகக்கவசத்துக்கு விலக்கு அளித்தார்கள். சன்னல்களை மூடிக் குளிர்சாதனத்தை ஓடவிட்டார்கள். ஒரு வகுப்பில் 35-க்கு மேல் மாணவர்கள். அந்த ஒரு பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று. மதுரையில் பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கூரையின் கீழ் பாடம் நடத்துபவர், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குவதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. குரலைத் தணித்துப் பேச உதவும் காலர் மைக் வாங்கித் தருவது பயனுள்ளது.

ஓய்வறையும் வாடகை வேனும்

வகுப்பறையைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகும், பணியாளர் தொற்றில் பெரும்பகுதி நடக்கக்கூடிய இடம் வேறு என்பதே என் கணிப்பு. அப்போது வகுப்பறையில் முகக்கவசம் இருந்தது, இடைவெளி இருந்தது, இரு பக்கமும் சன்னல் இருந்தது, மேற்பார்வை இருந்தது. ஆசிரியர் ஓய்வறையில் இவற்றில் எதுவும் இருக்கவில்லை. பல பள்ளிகளில் அது பழைய பீரோக்களுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் நடுவே ஒரு மேசை. மதிய இடைவேளையில் பத்துப் பேர் அதைச் சுற்றி அமர்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பையும் பொரியலையும் மாற்றிக்கொண்டு, முகக்கவசம் இல்லாமல் அரை மணி நேரம் பேசினார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒன்றாக அமர்பவர்களுக்குப் பேச நிறைய இருக்கத்தான் செய்யும். மின்விசிறி இருக்கும் காற்றையே சுழற்றும்; புதுக்காற்றைக் கொண்டுவராது. மாலை மழை வந்து சன்னலைச் சாத்தினால் அதுவும் போயிற்று.

அடுத்தது பயணம். மதுரை நகரில் குடியிருந்து உசிலம்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டி பக்கத்துப் பள்ளிகளுக்குத் தினமும் போய்வரும் ஆசிரியர்கள் ஏராளம். ஆரப்பாளையத்திலோ மாட்டுத்தாவணியிலோ ஏறும் பேருந்தில் ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பலர் கூட்டாக வேன் அமர்த்திக்கொள்கிறார்கள். பேருந்து நெரிசலைத் தவிர்க்க அது நல்ல வழிதான். ஆனால் மூன்று நான்கு பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே வேனில் ஏறினால், ஒரு பள்ளியின் தொற்று மறுநாள் நான்கு பள்ளிகளுக்குப் போகும் வாகனமும் அதுவே. தொடர்பில் இருந்தவர்களைத் தேடியபோது பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். வேன் அந்தப் பதிவேட்டில் இல்லை.

பதிவேட்டில் இருந்தும் கண்ணில் படாதவர்களும் உண்டு: சத்துணவு சமையலர், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர். "ஆசிரியர்கள் அனைவரும் தடுப்பூசி போட்டுவிட்டனர்" என்ற அறிவிப்பில் இவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியையும், வளாகம் முழுக்கத் தூவும் பிளீச்சிங் பவுடரையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறிகுறிக்கு முந்தைய இரண்டு நாளில் காய்ச்சல் இராது. வெப்பமானி அவரைப் பிடிக்காது. மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஏப்ரலிலேயே கூறிவிட்டது. அந்தச் செலவில் ஓய்வறையின் சன்னல் கொக்கிகளைச் சரிசெய்யலாம்.

ஒருவருக்கு உறுதியானால் யாரை நிறுத்துவது?

ஆறடிக்குள் 15 நிமிடத்துக்கு மேல் உடன் இருந்தவரை நெருங்கிய தொடர்பு என்பது அப்போதைய பொதுவான வரையறை. இதை வைத்துப் பார்த்தால், விளைவுகள் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

1. மாணவருக்கு என்றால், அவருடைய அறையின் 20 பேரும் அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களும். பெரும்பாலும் ஒரு பிரிவோடு முடியும்.

2. பாட ஆசிரியருக்கு என்றால், ஐந்து அறைகளும் ஓய்வறை மேசையும். ஒரு பாடத்துக்கு ஒரே முதுகலை ஆசிரியர் உள்ள கிராமத்து மேல்நிலைப் பள்ளியில், அவர் இல்லாத பாடவேளைகளை நிரப்ப இன்னொருவர் அவருடைய அறைகளுக்குள் போக வேண்டியிருக்கும். அதாவது தொற்று உள்ளிருக்கக்கூடிய அறைகளுக்குள், அங்கு அதுவரை போகாத ஒருவரை அனுப்புகிறோம்.

3. ஓய்வறையில் ஒன்றாகச் சாப்பிட்ட பத்துப் பேரும் தொடர்பில் வந்தால், மாணவர் ஒருவருக்கும் தொற்று இல்லாதபோதும் பள்ளியை மூட வேண்டிவரும், நடத்த ஆளில்லை என்ற ஒரே காரணத்தால்.

ஆக, பள்ளி தொடர்ந்து திறந்திருப்பதும் மூடுவதும், மாணவர் இருக்கைகளுக்கு இடையே எத்தனை அடி என்பதைவிட, பணியாளர்கள் எத்தனை குழுவாகப் பிரிந்து, எங்கே அமர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமையும். வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சு போட்டு, இருவர் இருவராகச் சாப்பிட வைப்பது செலவில்லாத ஏற்பாடு.

விடுப்பு என்னும் தடை

மரின் ஆசிரியர் ஏன் இரண்டு நாள் வந்தார் என்ற கேள்வி இங்கும் பொருந்தும். தொண்டை கரகரத்த முதல் நாளே வீட்டில் இருந்துவிட்டால், பரவலின் கணிசமான பகுதி அங்கேயே நின்றுவிடும். அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தொற்று உறுதியானால் சிறப்புத் தற்செயல் விடுப்புக்கு அப்போது வழி இருந்தது. ஆனால் உறுதியாவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள், அதாவது பரப்பும் ஆற்றல் உச்சத்தில் இருக்கும் நாள்கள், அவருடைய சொந்தத் தற்செயல் விடுப்பில்தான் கழிய வேண்டியிருந்தது. சுயநிதிப் பள்ளிகளில் நிலைமை இன்னும் கடினம். ஊரடங்குக் காலத்தில் பாதிச் சம்பளமும், சில இடங்களில் அதுவும் இல்லாமலும் காலம் தள்ளிய ஓர் ஆசிரியை, வேலை திரும்பக் கிடைத்த இரண்டாம் வாரத்தில் லேசான தலைவலிக்காகச் சம்பளப் பிடித்தத்தோடு விடுப்புக் கேட்க மாட்டார். பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். வாசலில் வெப்பமானி 97 என்று காட்டும். அவர் பெயர் அன்றைய வருகைப் பதிவேட்டில் இருக்கும், தொற்று எண்ணிக்கையில் இருக்காது.